எதிர்க்கடைக்காரர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தலை நரைத்த இருவர்.

"நீ எதுத்தாப்புல இருந்த ஜவுளிக்கடையை மூடுனதுல இருந்து எனக்கு வியாபாரமே ருசிக்கலலே," என்றார் ஜன்னலோரம் இருந்தவர். எதிர்க்கடை போனால் சந்தோஷப்படுவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"சர்ச் ஊழியத்துக்குப் போய்க் கெட்டான்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதானே?" மற்றவர் மடியில் கறிவேப்பிலை துருத்திய காய்கறிப் பை.

"சொன்னேன். ஆனா தீபாவளிக் கூட்டத்துல நீ கடை வாசல்ல நின்னு 'உள்ள வாங்க, உள்ள வாங்க'ம்ப பாரு, அதைக் கேட்டாத்தான் எனக்கும் தொண்டை திறக்கும். இப்ப தெருவே ஊமையாக் கெடக்கு."

"இப்பவும் அதே வேலைதான். சர்ச் வாசல்ல நின்னு கூப்பிடுறேன். மத்தியானம் நானே சமைச்சு இலை போடுறேன். பஸ்ஸுக்கு நிக்கிறவுக, ஆடு மேய்க்கிறவுக, யாரு வேணா வரலாம். சாப்பிட்டு வெறுங்கையோட எந்திரிச்சுப் போகும்போதுதான், ஒண்ணும் வாங்காமப் போறாகளேன்னு இன்னும் மனசு பதறுது."

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

"தெருவுல போற அத்தனை பேரையும் கூப்பிட்ட வாயி," என்றார் ஜன்னலோரத்தவர், வெளியே கருவேலங்காட்டைப் பார்த்தபடி. "ஒருநாளாவது என்னையக் கூப்பிட்டியா?"

"எப்படிலே கூப்பிட? நீயும் துணி விக்கிறவன்."

சர்ச்சுக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்றது. பைக்காரர் இறங்கினார். கீழே நின்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி குரலெடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி! உள்ள வாங்க!"

"திருச்சுழிக்குல்லலே டிக்கெட்டு எடுத்திருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இவரும் இறங்கினார்.