பெத்லகேமில் ஐந்தருவி

கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்யச் சிமெண்ட் சாக்கைவிட நல்ல பொருள் கிடையாது. செம்மண்ணைக் கரைத்து, சாக்கை அதில் முக்கி, கல்லின்மேல் போர்த்திக் காயவிட்டால் பொதிகை மலையே முற்றத்தில் வந்து உட்கார்ந்தது போல இருக்கும். அய்யா கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஆனால் விசாரணை என்று வந்தபின் ஆரம்பத்திலிருந்து சொல்வதுதான் முறை.

என் பெயர் ஜஸ்டின். பதினெட்டு வருடமாக நம் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறேன். எங்கள் தெரு மேட்டில் ஏறுகிற தெரு. அடியில் முதல் வீடு என்னுடையது. தெருவுக்கான வால்வு என் வாசலுக்கு எதிரே இருக்கிறது. வீடு அங்கே அமைந்தது தேவ சித்தம், என் திட்டம் அல்ல.

இந்த வருடம் கோயிலில் குடில் போட்டி வைத்தார்கள். வீட்டு முற்றத்தில் வைக்கிற குடிலில் சிறந்ததற்கு ஓர் எவர்சில்வர் அண்டா பரிசு. என்னிடம் ஐந்நூறு ரூபாய்தான் இருந்தது. நட்சத்திரத்துக்கு மூங்கிலும் கலர் பேப்பரும் வாங்கினேன். ஆடுகளைத் தலையணைப் பஞ்சில் செய்தேன். மற்றவர்கள் சீரியல் பல்புக்குப் பணத்தைக் கொட்டினார்கள். என்னிடம் பணம் இல்லை, தண்ணீர் இருந்தது.

ஐந்தருவி செய்தேன். ஐந்து பிளாஸ்டிக் குழாய், மேலே பாசி. பெத்லகேமில் அருவி உண்டா என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் கட்டுகிற பெத்லகேமில் உண்டு என்றேன்.

அருவி என்றால் நிற்காமல் விழவேண்டும். எங்கள் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் தண்ணீர். வால்வைப் பதினாறு சுற்று திறந்தால் மேட்டின் கடைசி வீடுவரை ஏறும். மூன்று சுற்று திறந்தால் முதல் வீட்டோடு நின்றுவிடும். டிசம்பர் பதினைந்தாம் தேதி மூன்று சுற்று திறந்து அப்படியே விட்டேன். முறை நாளில் முழுதாகத் திறந்தால் அழுத்தத்தில் என் குழாய்கள் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதால் அதைச் செய்யவில்லை. நான் தண்ணீரை நிறுத்தியதாகத் தெருக்காரர்கள் மனுவில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. பத்து நாளும் தண்ணீரை நான் நிறுத்தவே இல்லை.

என் மனைவி பொன்செல்வி மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாள். “தெருவே காஞ்சு கெடக்கு, நீங்க அருவி வுடுதீய” என்றாள். அவளுக்குக் கலையில் ஈடுபாடு குறைவு.

நாலாம் நாள் பெண்கள் குடத்தோடு வந்து கேட்டார்கள். யாராவது லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள் என்றேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர்களாகவே சுடலையாண்டி வீட்டைப் பார்த்தார்கள். சுடலையாண்டி தோசை மாவு அரைத்து விற்கிறவர். அவர் மோட்டார் வைத்திருந்தது உண்மை. விதிப்படி குற்றம். விதிப்படி நான் அதைக் கழற்றினேன். அன்றிலிருந்து தெருவில் யாரும் அவரிடம் மாவு வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார்.

“அண்ணாச்சி, மோட்டாரத்தான் எடுத்துட்டீயளே, இன்னும் தண்ணி வரலியே?”

“லைன்ல காத்து அடைச்சிருக்கும்.”

“ரெண்டு குடம் கெடச்சாப் போதும். அரிசி ஊறப்போட வழியில்ல.”

எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அவருக்காக ஜெபித்தேன்.

கைப்பற்றிய பொருளை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆனால் பொருள் ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி ஒப்படைப்பது? ஓட்டிப் பார்த்தேன். அருவி ஆறடி உயரத்திலிருந்து விழுந்தது. இவ்வளவு நல்ல நிலையில் உள்ள மோட்டாரை நிறுத்துவது சரியாகப் படவில்லை. மலைக்கு அடியில், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வைத்துச் சாக்கால் மூடினேன்.

அந்த வாரம் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் என் முற்றத்துக்கு வந்தார்கள். இலஞ்சியிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து செல்ஃபி எடுத்தது. தண்ணீர் எப்படி என்று கேட்டவர்களிடம், அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றேன். உலகத்துத் தண்ணீர் எல்லாமே அப்படித்தான்.

சுடலையாண்டியும் வந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சத்தம் எங்க மோட்டார் சத்தம் மாதியே இருக்கு, அண்ணாச்சி.”

“எல்லா மோட்டாருக்கும் ஒரே சத்தந்தான்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். சொன்னதை நம்புகிற நல்ல மனிதர்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் நடுவர்கள் வந்தார்கள். அண்டா எனக்குக் கிடைத்தது.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்தபோது முற்றத்தில் ஆவுடைத்தாய் நின்றாள். மேட்டில் கடைசி வீட்டுக்காரி. பத்து நாளாக ரோட்டடி பம்பிலிருந்து தண்ணீர் சுமந்தவள்.

“சுத்திச் சுத்தி வார தண்ணின்னா, உம்ம வீட்டு வாறுகால்ல ஓடுதது என்னது?” என்றாள்.

அந்தச் சாக்கடையை நான் யோசிக்கவில்லை. பத்து நாளும் தெளிந்த தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் அருவியில் கை நனைத்து மோந்து பார்த்தாள். “ப்ளீச்சிங் பவுடர் வாட. நம்ம பைப்புத் தண்ணியேதான். ஏட்டி, எல்லாரும் வாங்கட்டி!” என்றாள். பிறகு மூன்று ஞானிகளின் பொம்மைகளை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் குடத்தை அருவிக்கு அடியில் வைத்தாள்.

கால் மணி நேரத்தில் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. சூசையப்பர் இடிபட்டுக் கவிழ்ந்தார். பஞ்சு ஆடுகள் நனைந்து எலி போலாயின. கூட்ட நெரிசலில் சாக்கு விலகி மோட்டார் தெரிந்தது. அதில் சிவப்புப் பெயிண்டில் ‘மீனா மாவு’ என்று எழுதியிருந்தது. மீனா, சுடலையாண்டியின் மகள்.

யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. பெண்கள் சுடலையாண்டியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து அந்த எழுத்தின்மேல் இருந்த மண்ணைத் துடைத்தார்.

“ஏன் அண்ணாச்சி, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே” என்றார்.

எனக்கும் அது தெரியும். கொடுத்துவிடுவார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ஏழை மனிதர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது?

வால்வை மூன்று சுற்றில் வைத்தது நான். மேட்டுத் தெருவைப் பத்து நாள் காயப்போட்டது நான். பழியைச் சுடலையாண்டி மேல் விழவிட்டு, அவர் மோட்டாரிலேயே அருவி விட்டதும் நான். எதையும் மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கோப்பில் சேர்க்கவேண்டும், அய்யா: கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.