ஏழாம் மேசையில் திரும்பிய வெற்றி

தேர்தல் களத்தில் என்னை எதிர்த்து நின்று, இன்று என் நன்றி அறிவிப்புக் கூட்டத்துக்கே தலைமை தாங்க வந்திருக்கும் பெருந்தகை, மருந்துக்கடை ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே, வேலைக் களைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமின்றிச் சுவரில் சாய்ந்திருக்கும் தோழர்களே, இந்தத் தொகுதியின் புதிய சட்டமன்ற உறுப்பினராகிய நான் உங்களை வணங்குகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவள் நான். ஓட்டிய கைதான் ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டது. என் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேர் எனக்கு வாக்களித்தார்கள். மீதிப் பேர் நான் போட்ட பிரேக்கை இன்னும் மறக்கவில்லை. சிரிக்காதீர்கள் அம்மா, நீங்கள் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியும்.

வென்றேனே, எத்தனை வாக்கில் வென்றேன்? ஆயிரத்திலா? நூற்றிலா? வெறும் பத்தொன்பதில். அந்தப் பத்தொன்பதையும் எனக்குத் தேடித் தந்தது யார்? என் கட்சியா? என் பிரசாரமா? என் பேச்சா? மூன்றுமில்லை.

வாக்கு எண்ணிய நாள் பிற்பகல். பள்ளிக்கூட மண்டபத்தில் பத்து மேசைகள். ஐயாவுக்குப் பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று. எனக்குப் பதினெட்டாயிரத்து இருநூற்று நான்கு. இருபத்தொன்பது வாக்கில் தோற்றுப்போய்த் தூண் ஓரத்தில் நின்றிருந்தேன். என் முகவர்கள் கையெழுத்திட்டு, பேனாவையும் மூடிவிட்டார்கள்.

ஏழாம் மேசையில் ஐயாவின் முகவர் ஒரு தையல்காரர். ஐயாவின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. கையெழுத்துப் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார். எதிரே இருபத்தைந்து சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. மேல் சீட்டில் ஐயாவின் சின்னத்தில் முத்திரை. அடியில் மடங்கியிருந்த சீட்டின் ஓரத்தில் வேறு சின்னத்தின் மேல் முத்திரை.

"சார், அந்தக் கட்டைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்றார்.

பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்தார். "உனக்கென்ன கிறுக்கா? நாமதான் ஜெயிச்சாச்சே. பேசாம கையெழுத்தைப் போடு."

"பிரிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன். உள்பக்கம் பார்க்காம நான் எதையும் கைவிட்டு அனுப்பினதில்ல."

பிரித்தார்கள். மேலே இருந்த ஒன்று ஐயாவுடையது. கீழே இருந்த இருபத்து நான்கும் என்னுடையவை.

வெளியே மாலையோடு காத்திருந்த ஐயாவை அழைத்தார்கள். வந்தார். மேசையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"எத்தனை?"

"இருபத்து நாலு, மாமா."

"நீ பார்த்தியா?"

"நான்தான் பார்த்தேன்."

கோபத்தில் கொதிப்பார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். பிறகு, "இவன் பார்த்தது சரி. மாத்தி எழுதுங்க" என்றார். அந்த ஐந்து சொல்லில் முடிந்தது அவருடைய மூன்று மாத உழைப்பு. அவருக்கு இருபத்து நான்கு குறைந்து எனக்கு இருபத்து நான்கு கூட, இருபத்தொன்பதில் தோற்றவள் பத்தொன்பதில் வென்றேன். கைதட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள்.

ஐயாவின் வீட்டில் என்ன நடந்தது? சொல்லலாமா அக்கா? தலையாட்டுகிறார், சொல்கிறேன். ஐயாவின் மனைவியான இந்த அக்கா தம்பியிடம் பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல்கடைக்குப் போய், ஒரு சட்டையை மேசையில் போட்டார்.

"கை இறுக்குது. பிரிச்சுத் தை."

"உட்காருக்கா. இப்பவே தச்சுத் தர்றேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே வேறெதையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்பானவர்களே, நான் பத்தொன்பது பேருக்கு மட்டும் உறுப்பினரா? எனக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் உறுப்பினரா? ஐயாவுக்கு வாக்களித்த பதினெட்டாயிரத்து இருநூற்று ஒன்பது பேரும் என்னவர்கள் இல்லையா? அவர்கள் எதைக் கேட்டு வாக்களித்தார்கள்? குன்றின் மேலிருக்கும் மருத்துவமனைக்கு ஒரு பேருந்து. நான் என்ன சொன்னேன்? இதே மேடையில் ஏளனமாகச் சொன்னேன். "அந்தக் குன்றுப் பாதை வளைவுகளில் பேருந்து திரும்பாது, மருந்து விற்பவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

போன வாரம் ஒரு காலிப் பேருந்தை நானே ஓட்டிப் போய்ப் பார்த்தேன். மூன்று வளைவிலும் திரும்பியது, ஒருமுறைகூடப் பின்னால் எடுக்காமல். நான் சொன்னது தவறு. ஐயா சொன்னது சரி. அதை ஊரறியச் சொல்லவே இந்த ஒலிபெருக்கி முன் நிற்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை அந்தப் பேருந்து புறப்படும். இனி எந்தத் தாயும் காய்ச்சல் குழந்தையைத் தோளில் சுமந்து அந்த மேட்டில் ஏற வேண்டாம்.

வந்திருந்து கேட்டவர்களுக்கும், நின்றுகொண்டே கேட்டவர்களுக்கும், எனக்கு வாக்களிக்காமலே என்னை வாழ்த்த வந்தவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, திங்கட்கிழமை குன்றின் மேல் உங்களைச் சந்திக்கும் மகிழ்ச்சியோடு விடைபெறுகிறேன். வணக்கம்.