ஆழ்கடல் கரப்பானும் அஞ்சாவது வரனும்

மாளவிகா: ...அதனால, பெரியவாள்லாம் கபாலி கோயில்லேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிடறேன். கப்பல்ல எடுத்த அந்த வீடியோல இருக்கறது நான்தான். அந்த ஜந்துவைச் சாப்பிட்டதும் நெஜம்.

ஜெயராம்: பார்த்தேனே! எங்க சித்தி ஃபேமிலி குரூப்ல போட்டிருந்தா. கூடவே நாலு வாந்தி பொம்மை.

மாளவிகா: நாலுதானா? எங்க பெரியம்மா பதினொண்ணு போட்டா.

ஜெயராம்: முழங்கை நீளத்துக்குக் கரப்பான்னா போடாம என்ன பண்ணுவா?

மாளவிகா: கரப்பான் இல்லை சார். நண்டு, எறா வம்சம். கடலுக்கடியில ஆயிரம் மீட்டர்ல இருக்கும்.

ஜெயராம்: கோத்திரம்?

மாளவிகா: சிரிக்காதீங்கோ! உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இதைக் கேட்டதும் எழுந்து போயிட்டா. அந்த ராஜா அண்ணாமலைபுரம் பையன் காபியைக்கூட முடிக்கலை.

ஜெயராம்: நான் இன்னொரு காபி சொல்லப்போறேன். உங்களுக்கு?

மாளவிகா: ம்... எனக்கும் சொல்லுங்கோ. இன்னொரு விஷயம். ஜூன்ல எங்க ஆராய்ச்சிக் கப்பல் மறுபடி கிளம்பறது. ரெண்டு மாசம். கல்யாணம் ஆனாலும் போவேன்.

ஜெயராம்: போங்கோ. நான் என்ன ஹார்பர்ல நின்னு கையைப் பிடிச்சு இழுக்கப்போறேனா?

மாளவிகா: உங்காத்துல? என் பிள்ளை வெங்காயம்கூடத் தொடமாட்டான்னு உங்கம்மா ஃபோன்ல...

ஜெயராம்: அம்மா சொல்லுவா... அதை விடுங்கோ. அந்த ஜந்துவை எப்படி சமைச்சா?

மாளவிகா: கப்பல் குக் வேகவச்சுக் குடுத்தார். உப்பு, மிளகு, எலுமிச்சம்பழம்.

ஜெயராம்: ருசி?

மாளவிகா: பிரமாதம்! பதினாலு கால். ஒவ்வொண்ணா ஒடிச்சா... உள்ள அப்படியே சதை...

ஜெயராம்: கால்லயா?

மாளவிகா: ஆமா. ஏன்?

ஜெயராம்: மொத்தக் காலையும் சுரண்டினாலும் அரை ஸ்பூன் தேறாதே. சதை முதுகு ஓட்டுக்கு அடியிலன்னா இருக்கும்?

மாளவிகா: முதுகுலயும்... இருந்துதே!

ஜெயராம்: வீடியோல கை வாய்கிட்ட போறது... அதோட கட். அடுத்து நீங்க சிரிச்சிண்டு நிக்கறேள்.

மாளவிகா: ...யார்கிட்டயும் சொல்லமாட்டேளே?

ஜெயராம்: சாப்பிடவே இல்லை!

மாளவிகா: எப்படி சாப்பிடுவேன்! முட்டைகூட நான் வாயில வச்சதில்லை. ஒரு வீடியோவுக்கே மிரண்டு ஓடறவன், கல்யாணத்துக்கப்புறம் என்னைக் கப்பலுக்கு விடுவானா? அதுக்குத்தான் பண்ணினேன். பொய் சொன்னது தப்புதான். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ.

ஜெயராம்: நான் எங்கே வேண்டாம்னு சொல்றது... இப்போ நீங்கதான் சொல்லுவேளோன்னு பயமா இருக்கு.

மாளவிகா: நான் ஏன் சொல்லப்போறேன்?

ஜெயராம்: போன வருஷம் ஆபீஸ் வேலையா தைவான் போயிருந்தேன். அங்க இந்தக் கரப்பானை முழுசா நூடுல்ஸ் மேல படுக்கவச்சுத் தரா... ரெண்டு தடவை போய்ச் சாப்பிட்டேன், மாளவிகா. ஆத்துல ஒருத்தருக்கும் தெரியாது. உங்க வீடியோவைப் பார்த்ததும், அப்பாடா, நம்மள மாதிரி ஒருத்தி இருக்கான்னு ஓடி வந்தேன்.