ரோட்டர் மாட்டிய அன்று நான் குனிந்தது

மோட்டார் உலகின் வருங்காலச் சந்ததிகள் கல்லில் பொறித்து வைக்க வேண்டிய செய்தி ஒன்றை இந்த விசாரணைக் குழுவின் முன் அறிவிக்கிறேன்: நான் மரியாதை தெரிந்த மனிதன். ஹமமட்சு ஆலையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். காபி இயந்திரம் கோப்பையை நீட்டினால் அதற்கும் தலை குனிவேன்.

எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவின் குணம் உங்களுக்குத் தெரியும். எஞ்சின் புகை வேகமாக வந்தால் சுற்றும்; வண்டி மெதுவாகப் போனால் தூங்கிவிடும். அதன் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரை மாட்டிவிட்டால், புகைக்குக் காத்திராமல் எழுந்துகொள்ளும். அந்தத் தண்டைக் கடைந்து தயாராக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. இருந்தது அது ஒன்றுதான். ஓடினால் ஆர்டர், ஓடாவிட்டால் எங்கள் பிரிவின் அறுபத்திரண்டு பேரும் புல்வெட்டி இயந்திரப் பிரிவுக்கு.

மாட்டுவது எளிது. ரோட்டரைச் சூடாக்கினால் துளை விரியும். தண்டைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் சுருங்கும். நான்கு விநாடிக்குள் அடிவரை இறக்கிவிட வேண்டும். நடுவில் நின்றால் அங்கேயே குடித்தனம்.

அந்த நான்கு விநாடியை இயக்குநர் குராமோச்சி தனக்கென்று எடுத்துக்கொண்டார். வெள்ளைக் கையுறை, சிவப்பு நாடா, முன்வரிசையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் தலைவர் இசோபே.

உலையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஹிராபயாஷி, "சார், ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாமே," என்றாள்.

"மோதிரம் மாட்டுற வேலைதானேம்மா? மூணு கல்யாணத்துல மாட்டியிருக்கேன். தள்ளு."

"மூணும் கழண்டுருச்சே சார்," என்று உலையிடம் சொன்னாள்.

ரோட்டர் தண்டின் நுனியில் நுழைந்தது. அந்தக் கணத்தில் நான் இசோபே அவர்களை நோக்கி இடுப்புவரை குனிந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். குனியக் கூடாது என்று ஆலை விதிகளில் எங்கும் இல்லை.

இசோபே பதிலுக்குக் குனிந்தார். வாடிக்கையாளர் குனிந்திருக்கும்போது நிமிர்ந்து நிற்கும் இயக்குநர் எங்கள் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. குராமோச்சி ரோட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவரைவிட ஒரு சாண் கூடுதலாகக் குனிந்தார். பிறகு, மற்றவர் முதலில் நிமிரட்டும் என்று இருவரும் கடைக்கண்ணால் பார்த்தபடி காத்திருந்தார்கள். பதினேழு விநாடி. எண்ணினேன்.

ரோட்டர் பாதித் தண்டில் இறுகியிருந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

"அது அங்கதான் நிக்கணுமா?" என்றார் இசோபே.

"அதுதாங்க ஐயா எங்க தனிச்சிறப்பே," என்ற குராமோச்சி, அதை நிரூபிக்க விசையையும் அழுத்தினார்.

பாதுகாப்புக் கூண்டுக்குள் அது தண்டு, தாங்கி, மேசையின் ஒரு கால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டது. ஆர்டரும் புறப்பட்டது. ஹிராபயாஷி இப்போது புல்வெட்டிக் கத்தி வரைகிறாள். உணவுக்கூடத்தில் என்னைப் பார்த்தால், பதினொரு மாத உழைப்பை இழந்தவன் என்று தன் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து வைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்த நாளிலிருந்து மூன்று வாரம், கையில் கடிகாரத்தோடு கண்ணாடி முன் குனிந்து பழகினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பகட்டு பொறியியலைக் கெடுக்கிறது; அதை யாராவது ஒருவர் நிறுத்தியாக வேண்டும். சொந்தக் கோபம் எதுவும் கிடையாது.

நிரலின் நன்றிப் பட்டியலில் என் பெயர் பூக்கடைக்குக் கீழே இருந்தது.