ஆடாத தோசை வண்டி

புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நிறுத்தி வைத்த வேன் வண்டிக்குள் தோசைக்கடை போட்டிருக்கிறாள்.

"எங்க வூட்டுக்காரு உள்ள நடந்தா சாம்பாரு தளும்பும்க்கா. வண்டிய வித்துடுன்னு மாமியாரு ஒரே சண்ட."

"சக்கரத்துக்குக் கல்லு வெக்கலயா?"

"வெச்சோம். வண்டி நகரல. டயரு அமுங்கி அமுங்கி ஆடிக்கினே இருந்துச்சு. நகரியில தறி ஓட்டுனேன்ல? தறி ஆடுனா அடியில ஆப்பு அடிப்போம். அதேமாரி வண்டிக்கு அடியில நாலு மூலைக்கும் கட்டை குடுத்து ஆப்பு அடிச்சுட்டேன்."

"நின்னுச்சா?"

"மாமியாரே உள்ள ஏறி குதிச்சுப் பார்த்தாங்க."

"அந்த ஒடம்ப வெச்சிக்கினா?"

இருவரும் சிரித்தார்கள்.

"டீ கூட தளும்பலக்கா."

"இன்னா சொன்னாங்க?"

"உக்காந்து நாலு தோசை துன்னாங்க."