திங்களும் வியாழனும் வரும் வேன்

— வேண்டாம்னு எழுதி ரெண்டு தடவ லெட்டர திருப்பி அனுப்பிட்டேன்ல சார். மறுபடி எதுக்கு இம்புட்டு தூரம் மேல ஏறி வந்தீங்க?

— லெட்டர் அனுப்புனது சமூக நல ஆபிஸ், நீலாவதி அக்கா. நான் நேர்ல கேக்க வந்தேன். பேரு யுகேந்திரன். கிள்ளான்ல இருந்து மாத்தலாகி வந்து மூனு மாசம் ஆச்சு. மூனு சக்கர மோட்டார் வண்டி அக்கா, கவர்மென்ட் சும்மா குடுக்குது. கை இருந்தா போதும், ஓட்டிரலாம். இந்த வட்டாரத்துலயே வேண்டாம்னு சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான்.

— அப்ப பேரு வாங்கிட்டேன்னு சொல்லுங்க. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவத்தோரமா தள்ளிப் போட்டுக்குங்க. பால் போடாத தே-ஓ ஊத்தட்டா?

— சிரமம் வேண்டாங்க்கா.

— என்னா சிரமம், பிளாஸ்குல இருக்கு. இந்த வீட்டுல ரெண்டாவது கிளாச எடுத்து அஞ்சு வாரமாச்சு. குடிச்சுக்கிட்டே பேசுங்க.

— சரி, குடுங்க. புது திட்டம் ரொம்ப சிம்பிள் அக்கா. இது வரைக்கும் என்னா? எல்லாருக்கும் ஒரே வேன், திங்க, வியாழன் மட்டும். ஆஸ்பத்திரில புதன்கிழமை வரச் சொன்னா அம்போதான். இனிமே ஓட்ட முடிஞ்சவங்களுக்கு சொந்த வண்டி. முடியாதவங்களுக்கு மட்டும் வேன், அவங்க கூப்புடற நாள்ல வரும். நல்ல மாத்தம்லா.

— நல்ல மாத்தம்தான். யாரு இல்லன்னா?

— அப்புறம் ஏங்க்கா?

— வர்ற வழியில ரோட்ட பாத்தீங்களா? ரெண்டாவது வளைவுல உங்க காரே முக்கிருக்கும். மழை பேஞ்சா செம்மண்ணு வழுக்கும்.

— மேட்டுல நிறுத்த கை பிரேக் இருக்கு, ரிவர்ஸ் கியர் இருக்கு. கியா பார்ம்ல ஒருத்தரு இதவிட மோசமான மேட்டுல ஓட்டறாரு. வீடியோ காட்டட்டா?

— பனி எறங்குனா முன்னால போற லோரியே தெரியாது.

— பனிக்குன்னே மஞ்ச லைட்டு போட்டுத் தர்றோம்.

— லைசென்ஸ்?

— நானே கூட்டிட்டுப் போறேன்.

— வீல்சேர்ல இருந்து என்னை யாரு தூக்கி வப்பா?

— தூக்கவே வேண்டாம். சீட்டும் வீல்சேரும் ஒரே உயரம், நகந்து உக்காந்துக்கலாம்.

— எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க.

— நீங்கதான் அக்கா உண்மையான கேள்வி எதையும் கேக்கல.

— அப்ப கேக்கறேன். சின்னையா எங்க?

— வேன் டிரைவரா?

— ஆமா, டிரைவருதான். அஞ்சு வாரமா திங்கக்கிழமை வந்தா ஒம்பது மணிக்கு தலை சீவி, நல்ல உடுப்பு போட்டு வாசல்ல உக்காந்திருக்கேன் சார். பத்தரை ஆயிரும். உள்ள வந்துருவேன். வியாழனும் அதே கதை. அவருக்கு போன் அடிச்சா அணைச்சு வச்சிருக்காரு. வேன் கம்பெனிக்கு அடிச்சா ஒரு பொண்ணு ‘துங்கு, துங்கு’ன்னு என்னை காத்திருக்கச் சொல்லிட்டு பாட்ட போட்டு விட்டுருது.

— லீவுல இருக்காருங்க்கா.

— அவரு லீவா? ஒம்பது வருசத்துல ஒரு நாள் எடுத்ததில்ல. தீபாவளி திங்கக்கிழமையில வந்தா கூட வேன் வந்துரும், முறுக்கு டின்னோட.

— அக்கா, ஒன்னு கேக்கறேன். நீங்க கையெழுத்து போட்டா வேன் நின்னுரும். ரெண்டும் தரமாட்டாங்க. அதுக்காகத்தான வேண்டாங்கறீங்க?

— இப்பதான் வழிக்கு வர்றீங்க. இந்தப் பக்கம் வேன்ல ஏற இப்ப நான் ஒருத்திதான் மிச்சம். எஸ்டேட் மேல் டிவிஷன் குகனேஸ்வரன் மக வீட்டுக்கு போயிட்டாரு. ராமையா போய் சேந்துட்டாரு. நானும் வேன் வேண்டாம்னு எழுதிட்டா அந்த வேனுக்கு இங்க என்னா வேலை? டிரைவருக்கு என்னா வேலை? அறுவத்தொரு வயசுல அவர யாரு சார் எடுப்பா? பெண்டாட்டி செத்து பன்னெண்டு வருசம், புள்ள குட்டி இல்ல. அவரு சோத்துல நான் எதுக்கு மண்ணப் போடணும்?

— அதுக்காகவா ரெண்டு லெட்டரையும் திருப்பி அனுப்புனீங்க?

— அதுக்காகவும்.

— வேற என்னாங்க்கா?

— சொன்னா சிரிப்பீங்க.

— சிரிக்க மாட்டேன்.

— இந்த லைன்ல இருவது வீடு. பதினேழு வீட்டுல பங்களாதேஷ்காரங்க, நேப்பாளிங்க. தங்கமான ஆளுங்க, அடுப்புக்கு கேஸ் தோங்க தூக்கிட்டு வந்து மாட்டிக் குடுப்பாங்க. ஆனா பேச்சு? ‘அக்கா, ஓகே?’ ‘ஓகே.’ அம்புட்டுத்தான். கோலாலம்பூர்ல அண்ணன் மகன் தனேஷ் தெனம் காலையில போன்ல ஒரு பூப்படம் அனுப்புவான். நானும் ஒரு பூவ அனுப்புவேன். முடிஞ்சது எங்க சொந்தபந்தம்.

— ம்ம்.

— எனக்கு கல்யாணம் பேசி வச்சிருந்த வருசம்தான் நான் ஏறிப் போன தேயிலைக் கொழுந்து லோரி கவுந்துச்சு. பேச்சும் அதோட கவுந்துருச்சு. இருபத்து மூனு வருசமா இந்த ரெண்டு சக்கரம். டிரைவரு வந்தாருன்னா வாசல்ல நின்னு, ‘நீலா, இன்னைக்கி எங்க போற?’ன்னு கேப்பாரு. ரிங்லெட் கிளினிக்கு இல்லன்னா சந்தை, வேற எங்க போகப் போறேன், அவருக்கே தெரியும். இருந்தாலும் கேப்பாரு. அப்படி கேக்கறதுக்கு எனக்கு வேற ஆளில்ல சார். சொந்த வண்டி வந்தா எங்க வேணாலும் போலாம்தான். வீட்டுல தனியா கெடந்தது பத்தாதுன்னு ரோட்டுலயும் தனியா போகணுமா?

— உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காருங்க்கா.

— யாரு?

— சின்னையா அண்ணே. நேத்து போய் பாத்தேன்.

— பாத்தீங்களா! நல்லாத்தான இருக்காரு?

— பேசுனாருங்க்கா.

— சார். நல்லா இருக்காரான்னு கேட்டேன்.

— எடது காலு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கக்கா. ஈப்போ ஆஸ்பத்திரில வச்சு. சக்கரை வியாதி.

— ஐயோ. சாமி.

— பாதத்துல புண்ணு, ஆறு மாசமா. வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து கட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. கட்டு மாத்தற நாளு திங்களும் வியாழனும்.

— அது வேன் நாளு.

— ஆமாங்க்கா. கம்பெனியில மாத்து டிரைவர் கிடையாது. அவரு போகலன்னா வேன் ஓடாது.

— அதனால?

— அதனால அவரு கட்டு மாத்தப் போகல.

— பொய். இல்ல சார்... நொண்டுனாரு. நான் பாத்தேன். ‘என்னா டிரைவரே, நொண்டி என்னை கேலி பண்றீங்களா?’ன்னு கேட்டேன். புது சப்பாத்து கடிக்குதுன்னாரு. நான் சிரிச்சேன் சார். விழுந்து விழுந்து சிரிச்சேன்.

— உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? உங்க தப்பு இல்ல.

— வாசல்ல இருந்து ரோட்டுக்கு அந்த மேட்டுல என்னை தள்ளிக்கிட்டு ஏறுவாரு. அந்தக் காலோட! மொத லெட்டர் எப்ப வந்துச்சு?

— அத விடுங்கக்கா.

— எப்ப?

— ஏப்ரல் மாசம்.

— இப்ப அக்டோபர். அப்பவே நான் கையெழுத்து போட்டிருந்தா அவரு ஆஸ்பத்திரிக்கு போயிருப்பாரு. அவரு பொழப்ப காப்பாத்தறேன்னு காலுக்கு நான்ல உலை வச்சிட்டேன்.

— லெட்டர் வந்தத அவருகிட்ட சொல்லலயா?

— எப்படி சொல்லுவேன்? சொன்னா வாங்கிக்கன்னுதான் சொல்லுவாரு.

— உங்களுக்கு வண்டி கேட்டு மொதல்ல ஆபிசுக்கு வந்ததே அவருதாங்க்கா. போன வருசம். ‘எனக்கப்புறம் நீலாவ யாரு கூட்டிட்டுப் போவா?’ன்னு எழுதியே குடுத்திருக்காரு. பைல்ல இருக்கு, நான் படிச்சேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே அந்த மனுசன். நானும் சொல்லல. ஒம்பது வருசம் வாய் ஓயாம பேசிருக்கோம் சார், இத மட்டும் பேசல. இப்ப எங்க இருக்காரு?

— ரிங்லெட்ல அதே ரூம்புலதான், ஷஹாபுதீன் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல. பாய் மூனு வேளையும் மேல அனுப்பிருவாரு. மாடிப்படி செங்குத்து, ஆஸ்பத்திரில இருந்து தூக்கிட்டு வந்து விட்டதோட சரி. உங்களுக்கு இருக்கற மாதிரி ஊனமுற்றவங்க ஓகேயு கார்டுக்கு எழுதலாம்னு விண்ணப்ப பாரம் நீட்டுனேன். கையில தொடல. செவத்தப் பாத்து திரும்பிப் படுத்துட்டாரு.

— இப்பயாச்சும் கட்டு மாத்தறாரா?

— ரெண்டு தடவ போகல. கீழ எறங்க தொணை இல்ல, வெக்கம் வேற.

— உங்க புது திட்டம் எத்தன பக்கம் தம்பி?

— நூத்துச் சொச்சம் இருக்கும்க்கா. ஏன்?

— அதுல வேன் ஓட்டறவன் காலப் பத்தி ஒரு வரி இருக்கா?

— இல்லக்கா.

— எழுதுங்க. மாத்து டிரைவர் இல்லாம வேன் விடாதீங்கன்னு எழுதுங்க. நீலாவதி சொன்னான்னு எம்பேரப் போட்டே எழுதுங்க. பேனா இருக்கா? அந்த வண்டி பாரத்த இப்படி குடுங்க.

— அவசரம் இல்லக்கா, நாளைக்கி கூட...

— குடுங்க தம்பி. எங்க போடணும், இங்கயா?

— அங்கதான். அடுத்த பக்கத்துலயும் ஒன்னு. வண்டி வர ரெண்டு மாசம் ஆகும்.

— அதுல இன்னொரு ஆளு உக்காரலாமா?

— பின்னால ஒரு சீட்டு இருக்கு. ஆனா தொணைக்கு வர்றவங்க பேரு இந்த பாரத்துல இருக்கணும், வீட்டு ஆளா இருந்தாத்தான் இன்சூரன்ஸ் ஒத்துக்கும். புருசன் பெண்டாட்டி, புள்ளைங்க, கூடப் பொறந்தவங்க.

— பேரு சின்னையான்னு எழுதுங்க.

— அக்கா...

— எழுதுங்க.

— எழுதிட்டேன். உறவு கேக்குது. அண்ணன்னு போட்டுரட்டா? யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க.

— அண்ணன் இல்ல தம்பி. வீட்டுக்காரர்னு எழுதிட்டு ரிங்லெட்டுக்கு கார எடுங்க, அவருகிட்ட இன்னும் நான் சொல்லல.