ரெமி அண்ணன் தேர்ந்தெடுத்த கேமரா

"ஹலோ... ஹலோ, ரெமி அண்ணாவா? ... ஆ, நான்தான், பவுலின். ... வந்துச்சி, வந்துச்சி, இப்பதான் அந்தப் பையன் குடுத்துட்டுப் போனான். ... இல்ல, இன்னும் ஒரு படமும் எடுக்கல. இருங்க, கையக் கழுவிட்டு வரேன். ... ஏனா? ஒட்டுது அண்ணா! பலாச்சுளை உரிச்ச கை மாதிரி ஒட்டுது!"

கைபேசியைத் தையல் மெஷின் மேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பவுலின் விரல்களில் தேங்காய் எண்ணெயை விட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கேமராவின் பிடியில் இருந்த ரப்பர் கறுப்புப் பிசினாக உருகி அவள் உள்ளங்கைக்குக் குடிவந்திருந்தது. சோப்பைப் போட்டாள். சோப்பும் ஒட்டிக்கொண்டது.

"ம், சொல்லுங்க. ... ஆமா. ... ஆமா, ஆமா. ... 'கிரிப்'புன்னா கைய விடாம பிடிக்கணும்தான். அதுக்காக நம்ம கைய அது பிடிச்சிக்கறதா? ... அண்ணா, நான் கேட்டது இன்னா? சின்னதா, கைக்கு அடக்கமா, பழைய மிரர்லெஸ் கேமரா ஒண்ணு. நம்ம வசதிக்கு. சிவாஜி நகர் கடையில நானே பாத்து வெச்சிருந்தேன் இல்ல? பில்லு, சார்ஜரு, மூணு மாசம் கேரண்டி. ... தெரியும், தெரியும், நீங்க சொன்னது மறக்கல. 'டூரிஸ்ட்டுங்க கழுத்துல கட்டற மணி'ன்னு சொன்னீங்க. அந்தக் கடைக்காரன் முன்னாடியே சொன்னீங்க. ... 'கேமராவ நாம தேடக் கூடாது, அதுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கணும்'. ஆமா. தேர்ந்தெடுத்துடுச்சி அண்ணா. விடவே மாட்டேங்குது."

ரெமிஜியஸ் அவளுடைய பெரியம்மா மகன். பாதி ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்றவர். பாலிசி எடுக்க உறவில் ஆள் தீர்ந்தபிறகு புகைப்படக் கலைஞரானார். அன்றிலிருந்து உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு கையில்லாத சட்டையைக் கழற்றியதில்லை. அந்தப் பாக்கெட்டுகளில் எதுவும் இருந்து யாரும் பார்த்ததுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் கேமராவும் கையுமான இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார், நின்று பழைய பங்களாக்களின் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். போன வருடம் ஒரு கண்காட்சி வைத்தார். பெயர் 'வெறுமை'. சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகளின் படங்கள். திறப்பு விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் உட்கார நாற்காலி இல்லாமல் நின்றபடி அவற்றைப் பார்த்தார்கள்.

"லென்ஸுக்கு வரேன் அண்ணா, இருங்க. டார்ச் அடிச்சிப் பாத்தேன். உள்ள பூஞ்சை. ... பூஞ்சை. ஊறுகா ஜாடியில வெள்ளையா பூக்குமே, அது. ... என்னது? கேரக்டரா? ... வெளிச்சத்த மென்மையாக்குமா? ... சீ! நம்ம வாட்டர் டேங்க்ல பாசி புடிச்சிருக்குது, அதுவும் கேரக்டரா? ... பேட்டரிய ஏன் கேக்கறீங்க, பூரி மாதிரி உப்பிக் கெடக்குது. நெம்பினாக்கூட வெளிய வரல. சார்ஜர் வயர நேரா குத்திதான் ஆன் பண்ணேன். ... குஜிரிக் கடையில பழைய இரும்போட போட்டா அவன்கூட திருப்பித் தருவான் அண்ணா!"

பவுலினுக்குக் கோபத்தைவிட அவசரம் அதிகம். பங்குக் கோயிலில் இந்த வருடம் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கவுன், ஒரே தையல்காரர் என்று முடிவாகியிருந்தது. மாதிரிக் கவுனின் படங்களை இன்று மாலை செபமாலைக்குள் மறைக்கல்வி சிஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர். போன வருடம் அவள் கைபேசியில் எடுத்து அனுப்பினாள். வெள்ளை நெட் துணி நீலம் பாரித்து வந்தது. 'ஆஸ்பத்திரி பெட்ஷீட் மாதிரி இருக்கே' என்று சிஸ்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். கவுன்களை ரிச்சர்ட்ஸ் டவுன் டோரதி தைத்தாள். டோரதி கடையின் பெயர்ப்பலகையில் தையல் என்ற வார்த்தையே கிடையாது, அதையே பிரெஞ்சில் 'கூத்தூர்' என்று போட்டிருக்கும். இந்த வருடமும் ஆர்டர் கைவிட்டுப் போனால், உதவிக்கு வைத்திருக்கும் இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டுக் கடையை வீட்டு வராந்தாவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

"யாரோடது இது? மறுபடியும் சொல்லுங்க. ... கிரண். ஒயிட்ஃபீல்டு. ... ஐடி கம்பெனி. ... சின்ன வயசுப் பையன். ... ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாரு. ... கை படாம வெச்சிருந்தாரா! கை படாததுக்கே இப்படி ஒட்டுதுன்னா, பட்டிருந்தா? ... சரி, சரி, நான் சிரிக்கல. நீங்க சொல்லுங்க. ... அந்த ஓட்டையில கண்ண வெச்சிப் பாக்கணுமா? ஸ்க்ரீன்ல பாக்கறவங்க எல்லாம் சட்டிய எட்டிப் பாக்கற சமையல்காரங்களா? ... சரி, வெச்சிப் பாக்கறேன். இருங்க."

கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். மங்கலாக அவளுடைய ஜன்னல் தெரிந்தது. கேமராவை இறக்கியபோது எதிரே அலமாரிக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. வலது கண்ணைச் சுற்றி, புருவத்தின் மேல், வட்டமாக ஒரு கறுப்பு வளையம்.

"அய்ய! கருமம்! ... கறுப்பா ஒட்டிக்கிச்சி அண்ணா, கண்ண சுத்தி! ... இது ரப்பர் இல்ல. வாசனை வேற வருது. ... டை வாசனை. முடிக்கு அடிக்கற டை. ... ஏன் அண்ணா, ஒயிட்ஃபீல்டு கிரணுக்கு இந்த வயசுலயே புருவம் நரைச்சிப் போச்சா?"

வருடத்துக்கு வருடம் கறுப்பாகிக்கொண்டே போகும் புருவங்கள் அவர்கள் குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தன. பவுலின் அதை நினைத்தாள். உடனே, அண்ணன் அப்படிச் செய்வாரா என்றும் நினைத்தாள். உறவு என்றால் இந்த இரண்டாவது நினைப்புதான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? ... ஆ. ... டென்ஷனா? ஐடியில டென்ஷன் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ... ம். ... கார்டா? ஆமா, உள்ளயே போட்டிருக்குது. ... ஃப்ரீயா? காசே வாணாம்னுட்டாரா? ... ரொம்ப பெரிய மனசு. நல்லா இருக்கட்டும். ... சும்மனே அந்த, எடுத்த படம் பாக்கற பட்டன அமுக்கறேன், கார்டுல எதுனா இருக்கான்னு பாக்கலாம். ... ஏன், அமுக்கினா இன்னா? ... ஏன் அண்ணா கத்தறீங்க? ... அமுக்கிட்டேனே."

திரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

"நாற்காலி அண்ணா. ... அடுத்தது... இதுவும் நாற்காலி. செவப்பு. ... கால் உடைஞ்ச நாற்காலி. ... கவுத்துப் போட்ட நாற்காலி. ... ஓ, கிரண் உங்ககூட வாக்கிங் வருவாரா! ... சிஷ்யரா! அதான பாத்தேன். குரு எடுத்த நாற்காலியவே தேடித் தேடி எடுத்திருக்காரு, பாவம். என்னா பக்தி. ... இருங்க, இருங்க, லிஃப்ட் கண்ணாடி ஒண்ணு வருது. கண்ணாடி முன்னாடி நின்னு அவரையே எடுத்துக்கிட்டாரு. ... சொல்லட்டா, எப்பிடி இருக்காருன்னு? வயித்த சுத்தி பாக்கெட்டு. முதுகுப் பக்கமும் பாக்கெட்டு. புருவம் மட்டும் நல்லா வாலிபமா இருக்குது. ... ரெமி அண்ணா. ... அண்ணா, நான் உங்க தங்கச்சி. இத வேற யார்கிட்டயாவது வித்திருக்கக் கூடாதா?"

பவுலின் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். குடும்பத்தில் இதைவிட மோசமான சாமான்கள் கைமாறியிருக்கின்றன. ஓட்டைப் பிரஷர் குக்கரைக் கல்யாணப் பரிசாக வாங்கியவள் அவள். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சிவாஜி நகருக்கு ஆட்டோ பிடித்தால் இன்னும் நேரம் இருந்தது. ஆனால் பிசின் பிடித்த கட்டைவிரல் பட்டனை விட்டு வர மறுத்தது. அடுத்த படம் தானாக வந்தது.

அவள் திரையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"... இல்ல, இருக்கேன். ... கட் ஆகல. ... இருங்க."

ஒரு வெள்ளைக் கவுன். பொம்மைக்குப் போட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில், நெட்டின் ஒவ்வொரு கண்ணும் எண்ணிவிடலாம் போல. வெள்ளை, வெள்ளையாகவே வந்திருந்தது. பொம்மைக்குப் பின்னால் டோரதியின் பெயர்ப்பலகை. கழுத்தில் டோரதியின் லேபிள். கவுன் பவுலினுடையது.

போன மாதம்தான் ரெமிஜியஸ் அவளுடைய மாதிரிக் கவுனைக் கேட்டு வாங்கிப்போனார். வெள்ளையை வெள்ளையாக எடுப்பது எப்படி என்று ஆராயப் போகிறேன், உனக்காகத்தான் என்றார். திரும்பி வந்தபோது அதில் விலை உயர்ந்த சென்ட் வாசனை இருந்தது. கழுத்தில் ஊசி குத்திய ஓட்டைகள் இருந்தன. கலைஞர்களின் ஆராய்ச்சி அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

"அண்ணா. ... என் கவுன் டோரதி கடையில இன்னா பண்ணுச்சி? ... ம். ... ம். ... 'ஒரு ஸ்டடி'. ... லேபிளும் ஸ்டடியா? ... அவங்களே குத்திட்டாங்களா. நீங்க பாக்கல. இவ்ளோ கிட்ட போய் எடுத்த ஆளு, பாக்கல. ... இல்ல, நான் கத்தல. மெதுவாதான் பேசறேன். ... என் பொண்ணு பர்த்டேக்கு ரெண்டு படம் எடுங்கன்னு கேட்டேனே, இன்னா சொன்னீங்க? 'நான் ஆர்டருக்கு எடுக்கறவன் இல்ல, பவுலின். அது கலைய விக்கற மாதிரி'. அவ்ளோ பேர் முன்னாடி சொன்னீங்க. கேக்கு மட்டும் ரெண்டு பீஸ் சாப்பிட்டீங்க. ... டோரதிகிட்ட எவ்ளோ வாங்கினீங்கன்னு நான் கேக்கல. கேக்கவே அசிங்கமா இருக்குது. ... அனுப்பிட்டாங்களா? எப்ப? ... நேத்தேவா. சிஸ்டருக்கு நேத்தே அனுப்பிட்டாங்களா. என் கவுன, அவங்க கவுனுன்னு."

கை மறுபடியும் பிசுபிசுத்தது. இப்போது அது ரப்பரா, வியர்வையா, மனசா என்று தெரியவில்லை. அவள் இன்னும் தள்ளினாள். முன்பக்கம். பின்பக்கம். கைப்பகுதி. கலைஞர் கிட்டே, இன்னும் கிட்டே போயிருந்தார். ஓர் அற்புதமான படத்துக்காகக் கவுனின் கீழ்மடிப்பைத் திருப்பிப்போட்டு, உள்தையலை எடுத்திருந்தார். அங்கே, பட்டாணி அளவில், நீல நூலில் ஒரு நட்சத்திரம்.

பவுலின் தைக்கும் ஒவ்வொரு புதுநன்மைக் கவுனிலும் மாதாவுக்காக அந்த நீல நட்சத்திரம் உள்மடிப்பில் இருக்கும். தைக்கச் சொன்னவர்களிடம்கூட அவள் அதைச் சொல்வதில்லை; பிள்ளைகள்தான் கண்டுபிடிப்பார்கள். போன வருடம் தனியாக அவளிடம் தைத்துக்கொண்ட இரண்டு வாண்டுகள், நற்கருணை வரிசையில் நின்றபடி மடிப்பைத் தூக்கி ஒருத்திக்கொருத்தி நட்சத்திரத்தைக் காட்ட, சிஸ்டர் நேராகக் கடைக்கே வந்து, 'இதை எல்லாம் ஏம்மா தைக்கிற' என்று கடிந்துகொண்டு போனார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு நெஜமாவே படம் எடுக்கத் தெரியும். பூஞ்சைய வெச்சிக்கிட்டே இப்பிடி எடுத்திருக்கீங்க. அதான் வயிறு எரியுது. ... இல்ல, நக்கல் இல்ல. ... இருங்க, கார்ட எடுக்கறேன். ... பொண்ணோட லேப்டாப்புல போடறேன். ... ஏனா? பெரிசா பாக்கத்தான். ... அய்யோ, டெலீட்டா? எதுக்கு டெலீட் பண்ணணும்? உங்க கண்காட்சியில மைக்க பிடிச்சி சொன்னீங்களே, 'நான் எடுத்த ஒரு படத்தக்கூட இதுவரைக்கும் அழிச்சதில்ல, அழிக்கறது அந்த நொடிய கொலை பண்றதுக்கு சமம்'னு. கை தட்டினேனே நானு. ... மாட்டேன் அண்ணா. கொலை பண்ணி பாவசங்கீர்த்தனத்துக்கு யாரு போறது?"

லேப்டாப்பில் நட்சத்திரம் பெரிதாக வந்தது. பவுலின் எதையும் விளக்கவில்லை. டோரதியின் பெயரை எழுதவில்லை. மாட்டியிருந்த கவுனின் மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள்; அது வழக்கம்போல நீலம் பாரித்து வந்தது. அதன் பக்கத்தில் ரெமிஜியஸின் படத்தை வைத்தாள். கீழே ஒரே வரி அடித்தாள்: 'சிஸ்டர், போன வருஷம் திட்டினீங்களே, அந்த நட்சத்திரம்தான்.'

"அனுப்பிட்டேன். ... யாருக்குன்னா? சிஸ்டருக்கு. ... இப்ப கத்தி இன்னா பிரயோஜனம்? ... அதுல உங்க பேரு எங்கயும் இல்ல, பயப்படாதீங்க. ... ஓ, அதான் வருத்தமா? படம் எடுத்தது நீங்கன்னு போடணுமா? ... சீ! சீ, அண்ணா! திருட்டு வெளிய வர்ற நேரத்துலயும் கீழ பேரு போடணுமா உங்களுக்கு? ... இருங்க, இருங்க. மெசேஜ் வருது."

எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் குனிந்து படித்தாள். இரண்டு முறை படித்தாள். மெஷினின் மேல் இருந்த இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், யாரோ இப்போதே வாசலில் நிற்பதைப் போல.

"கேக்கறீங்களா? சிஸ்டர் எழுதியிருக்காங்க. 'நாளைக்கு ஞானோபதேச க்ளாஸுக்கு டேப் எடுத்துட்டு வா, பிள்ளைங்களுக்கு அளவெடுக்கணும். நட்சத்திரம் இருக்கட்டும், வரிசையில பாவாடைய தூக்கக் கூடாதுன்னு நீயே சொல்லிடு.' ... ம். ... டோரதியா? அவங்கள பத்தி ஒரு வார்த்தை இல்ல. சிஸ்டருங்க அப்பிடிதான். ... இல்ல, நானும் டோரதிகிட்ட கேக்கப் போறதில்ல. அவங்களுக்கு நீங்களே சொல்லிக்கோங்க. உங்க ஸ்டடிய பத்தி."

மறுமுனையில் ரெமிஜியஸ் நீளமாகப் பேசினார். பவுலின் அதற்குள் கேமராவை அது வந்த அதே டப்பாவில் வைத்து மூட முயன்றாள். மூடி அவள் கையோடு வந்தது.

"ஆமா. ... ஆமா. ... குடும்பத்துக்குள்ளதான், ஆமா. ... கேமராவ திருப்பி அனுப்பறேன், ஆட்டோவுல வந்துடும். காச இப்பவே போட்டு விடுங்க, நான் சிவாஜி நகர் போவணும். ... ஆமா, அதேதான், டூரிஸ்ட் மணி. எனக்கு அது போதும். ... என்னா? கார்டா? ... கார்டையும் சேத்து அனுப்பணுமா?"

அவள் அந்தச் சிறு கார்டை லேப்டாப்பிலிருந்து உருவி, ஊசி டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒட்டாமல் மூடியது.

"அது எப்பிடி அண்ணா? ஃப்ரீன்னு கிரண் சொன்னாரே."

பவுலின் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். திரையில் அவளுடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.